கிளித்தட்டு சொல்லித்தந்த பாடம்

(களுதாவளைப் பயிற்சி முகாமில் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கு ஆற்றிய உரை)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்த நம்மை நேற்று மாலை மணலில் கிளித்தட்டு விளையாடச் சொன்னார்கள். "விளையாடவா வந்தோம்?" என்று சிலர் சிரித்தீர்கள்.

மறிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறுக்குக்கோடு. நடுக்கோட்டில் ஓடக் கிளிக்கு மட்டுமே உரிமை. முதல் ஆட்டத்தில் அவரவர் கோட்டை அவரவர் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. எதிரணி நழுவிப் போனது. அடுத்த ஆட்டத்தில், கடைசிக் கோட்டில் நின்ற அக்கா "கிளி, இடப்பக்கம்!" என்று சத்தம் போட்டார். ஆளைத் தொட்டோம்.

தோட்டத்திலும் இதுதான். 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கிய பிறகு, எங்கள் தோட்டத்தில் நாளுக்கு எடுக்கவேண்டிய கொழுந்தைக் கூட்டினார்கள். மேல் டிவிஷன் மறுத்தது. அது தெரியாமல் கீழ் டிவிஷனில் நாங்கள் தலையாட்டினோம். "கீழே எடுக்கிறார்களே" என்று சொல்லியே எல்லார் மேலும் சுமத்தினார்கள்.

ஆகவே மாதக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் விளையாடுங்கள். தலைவர் கோட்டில் நிற்கட்டும். கொழுந்தெடுக்கும் தங்கச்சி கிளியாகட்டும். முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து கேளுங்கள்: யார் முதலில் கண்டது? யாரிடம் சொன்னார்? சொல்லாவிட்டால், ஏன்? அந்தப் பேச்சில்தான் படிப்பு இருக்கிறது.

ஒரு டிவிஷன் தராசில் நடப்பது அன்று மாலைக்குள் மற்ற டிவிஷனுக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லப்போவது யார்? பஸ் ஏறுமுன் பெயரை எழுதிக் கொடுங்கள்.