'மக்கும் பை' எந்தத் தொட்டிக்குப் போகணும்?



ஒரு சின்னக் கேள்வியோட தொடங்கலாமா? உங்க வீட்டுல மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காத குப்பைக்கு ஒரு தொட்டி இருக்கும். கடையில் கொடுத்த பையில் 'மக்கும் பை' என்று அச்சடித்திருக்கிறது. அதை எந்தத் தொட்டியில் போடுவீங்க?

"மக்கும்னு போட்டிருக்கே, அந்தத் தொட்டியிலதான்" என்று பலர் சொல்வார்கள். சிலர் தொட்டியைத் தேடவே மாட்டார்கள். மக்கிடும்தானே என்று வாய்க்கால் ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த 'மக்கிடும்தானே' என்ற நினைப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தஞ்சை டெல்டாவில் இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, சின்னச் சின்ன வாய்க்கால்களில் இறங்கி, கடைசியாகத்தான் கடைமடைக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு மதகில் நாலு பை சிக்கினால் போதும், கீழே இருப்பவருக்குத் தண்ணீர் தாமதமாகும். தப்பி வயலுக்குள் போன பை சேற்று உழவில் கிழிந்து மண்ணோடு கலந்துவிடும். பிறகு அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

இதனால்தான் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. ஆனால் தரச் சான்று பெற்ற, உரமாகக்கூடிய பைகளுக்கு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கு நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், 'மக்கும்' என்ற சொல்லைச் சான்று இல்லாதவர்களும் அச்சடித்துவிட முடியும்.

சரி, உண்மையிலேயே மக்கும் பிளாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. அதைச் செய்து தருவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

1926-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோரீஸ் லெமோஞ் என்ற விஞ்ஞானி ஒரு பாக்டீரியாவுக்குள் இந்தப் பொருளைக் கண்டறிந்தார். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் எளிதாகப் புரியும். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வேண்டிய நெல்லைக் குதிரில் கொட்டி வைப்போம் இல்லையா? அதே மாதிரி, சாப்பிடச் சர்க்கரை நிறைய இருந்து, வளரத் தேவையான நைட்ரஜன் போன்ற சத்து குறையும்போது, சில பாக்டீரியாக்கள் மிச்ச உணவைச் சின்னச் சின்ன மணிகளாக உடம்புக்குள் சேமிக்கின்றன. அந்த மணிகள்தான் பி.ஹெச்.ஏ. என்ற பிளாஸ்டிக். நன்றாகச் சேமிக்கும் வகைகளில் பாக்டீரியாவின் உலர்ந்த எடையில் 80 சதவீதம் வரை இதுவாகவே இருக்கும். பாக்டீரியாவை உடைத்து எடுத்தால் வெள்ளைத் தூள் கிடைக்கும். அதை உருக்கினால் தாளாகவும் இழுக்கலாம், டப்பாவாகவும் வார்க்கலாம். மண்ணிலும் கடலிலும் இருக்கும் வேறு நுண்ணுயிர்களுக்கு இது சாப்பாடு. அதனால் இது உண்மையிலேயே மக்குகிறது.

இரண்டாவது வகை பி.எல்.ஏ. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவின் இனம்தான் இதற்குத் தேவையான லாக்டிக் அமிலத்தைச் செய்கிறது. அதைத் தொழிற்சாலையில் வேதி முறையில் சங்கிலியாகக் கோக்கிறார்கள். மகாராஷ்டிராவின் ஜெஜூரியில் இதற்கான செயல்விளக்க ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் கரும்புச் சர்க்கரையிலிருந்து ஆண்டுக்கு 80,000 டன் தயாரிக்கும் ஆலைக்கு 2025-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் கவனிங்க. பி.எல்.ஏ. மக்குவதற்குச் சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பெரிய உரக்கூடத்தில், ஈரமும் காற்றும் சரியாக இருக்கும் குவியலுக்குள்தான் அந்தச் சூடு நிலையாக இருக்கும். நம் வாய்க்கால் தண்ணீரில் அது கிடையாது. கொல்லையில் வைத்திருக்கும் உரப் பானையிலும் கிடையாது. ஆக, சான்று பெற்ற பி.எல்.ஏ. பையே ஆனாலும், வாய்க்காலில் விழுந்தால் அது சாதாரணப் பை மாதிரியேதான் மதகை அடைக்கும்.

அடுத்து, இதை நம் டெல்டாவிலேயே செய்ய முடியுமா? ஒவ்வொரு ஊரும் தன் கையில் மிஞ்சுவதைத்தான் நுண்ணுயிருக்குக் கொடுக்கிறது. மலேசியாவின் பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதேஷ் குமார் குழுவினர் பாமாயிலைக் கொடுத்துப் பி.ஹெச்.ஏ. எடுக்கிறார்கள். பாக்டீரியாவை உடைக்க ரசாயனத்துக்குப் பதிலாகப் புழுக்களுக்குத் தீனியாகவும் போட்டுப் பார்த்தார்கள். புழு பாக்டீரியாவைச் செரித்துவிட்டு, செரிக்காத பிளாஸ்டிக்கை எச்சத்தில் வெளியே தள்ளிவிடுகிறது!

நம்மிடம் மிஞ்சுவது நெல்லின் பக்கப் பொருட்கள்: தவிடு, நொய், உமி, வைக்கோல், புழுங்கலுக்கு நெல் ஊறவைத்த தண்ணீர். தைவானில் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பதப்படுத்திய அரிசித் தவிட்டோடு மக்காச்சோள மாவுச்சத்தைக் கொடுத்து, உப்பளத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரை வளர்த்தார்கள். அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக். தமிழ்நாட்டு, கோவா உப்பளங்களிலும் இப்படிச் சேமிக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதை 2013-இல் வெளியான கோவா ஆய்வாளர்களின் கட்டுரை காட்டியது. டெல்டாவின் ஓரத்தில் வேதாரண்யம் உப்பளங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரிலேயே, நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்ற பெயரில் தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது.

"அப்புறம் என்ன, ஆரம்பிச்சிடலாமே" என்று தோன்றும். மூன்று விஷயங்களை யோசிக்கணும். ஒன்று, தவிடு வீணாகப் போகவில்லை. அது மாட்டுத் தீவனமாகவும் எண்ணெயாகவும் போகிறது. உண்மையில் உபரியாக இருப்பது வைக்கோலும் ஊறல் தண்ணீரும்தான். வைக்கோலைச் சர்க்கரையாக உடைப்பது செலவு பிடிக்கும் வேலை. இரண்டு, உப்பு நுண்ணுயிரை நல்ல தண்ணீரில் போட்டாலே வெடித்துவிடும், பிளாஸ்டிக்கை எடுப்பது சுலபம். ஆனால் மிஞ்சும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? கடல்நீர் உள்ளே ஏறுகிறது என்று ஏற்கெனவே கவலைப்படும் மண் இது. மூன்று, விலை. சாதாரணப் பிளாஸ்டிக்கை விடப் பி.ஹெச்.ஏ. பல மடங்கு விலை அதிகம். அதனால் முதலில் அது அறுவை சிகிச்சைத் தையல் நூல் மாதிரி விலை தாங்கும் இடங்களுக்குத்தான் போகும். காய்கறிக் கடைப் பையாக வர நாளாகும்.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது, கையில் வாங்கும் பையைப் படிப்பது.

'உரமாகக்கூடியது' என்ற குறிப்பும், தயாரிப்பாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் பையில் இருக்க வேண்டும். இது பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது. தரநிலையின் பெயர் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. உரக்கூடச் சூழலில் 180 நாளுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். சான்று பெற்ற தயாரிப்பாளர் பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. செல்பேசியிலேயே சரிபார்க்கலாம்.

வெயிலில் பொடிப்பொடியாக உதிரும் பையைப் பார்த்து 'மக்கிடுச்சு' என்று நினைக்காதீங்க. அது துகளாகி மண்ணில் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். நுண்துகள் எதையும் மிச்சம் வைக்காததே மக்கும் பிளாஸ்டிக் என்று 2024 விதித் திருத்தமே தெளிவாகச் சொல்கிறது.

தடை செய்த பை விற்பதைப் பார்த்தால், எஸ்.யூ.பி.-சி.பி.சி.பி. செயலியில் படத்தோடு புகார் கொடுக்கலாம். உங்கள் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ நேரில் சொன்னாலும் சரி.

இப்போ முதல் கேள்விக்குப் பதில். சான்று எண் இல்லாத 'மக்கும் பை' மக்காத குப்பைத் தொட்டிக்குத்தான் போகணும். சான்று எண் இருந்தால், உங்கள் பகுதி உரக்கூடம் அதை எடுத்துக்கொள்கிறதா என்று குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் கேட்டுவிட்டு, மக்கும் குப்பையோடு கொடுங்கள். எந்தப் பையாக இருந்தாலும் வாய்க்காலுக்கு மட்டும் போகக் கூடாது.

நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. அவை வேலை செய்யும் இடத்துக்குப் பையைக் கொண்டு சேர்ப்பது நம் வேலை. அந்த வேலையே வேண்டாம் என்றால், கடைக்குக் கிளம்பும்போது மஞ்சப்பையை எடுத்துக்கிட்டுப் போங்க.