நீரில் இறங்கும் வேளை

மாணவ நண்பர்களே,

முடக்குவாதம் முதியோர்க்கே உரிய நோயென்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வயதினரையும் அது பற்றும். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், பகை எதுவென அறியாது மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் விளைவது அது. எனக்கு 2011ஆம் ஆண்டில் வந்தது. சுண்ணக்கட்டியைப் பிடிக்க விரல்கள் மறுத்தன.

மருந்தோடு நீச்சலும் நன்று என்றார் மருத்துவர். கழுத்தளவு நீரில் நின்றால், உடலெடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கால்களுக்குச் சுமையாகும். தரையில் நாலடி வைக்க நோகும் முழங்கால், நீரில் தயங்காமல் மடங்கி நீள்கிறது.

ஆயினும் நலமுடையோர் வழக்கம் எமக்கு ஆகாது. விடியலில் கிணற்றில் குதிப்பது நம் ஊர்ப் பழக்கம். முடக்குவாதம் உடையவர்க்கோ விடியலில்தான் மூட்டுகள் இறுகியிருக்கும். ஆகவே, பகல் வெயிலில் நீர் இளஞ்சூடேறிய மாலையில், படியும் கைப்பிடியும் உள்ள நீச்சற்குளத்தில் இறங்குகிறேன். மூட்டு வீங்கிச் சிவந்த நாளில் இறங்குவதில்லை. இந்நோய்க்குரிய மருந்துகள் சில எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. எனவே தோலில் சிறு புண் இருப்பினும், நீர் தூய்மையற்றதாயினும் கரையோடு சரி. நீந்தத் தெரிந்த என் பெயரன் கரையில் அமர்ந்து பாடம் படிப்பான். படிக்கிறானா என்பது வேறு செய்தி!

நீரில் இருக்கையில் களைப்புத் தெரிவதில்லை, இடரே அதுதான். நீந்தியபின் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த முறை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். தொடங்கியபோது பத்து நிமிடம். இப்போது அரை மணி.