எந்த ஊர் விலைக்கு?



அம்பாங் பெச்சா, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "தாத்தா ஊரிலேயே இருந்திருந்தால் நமக்கு இவ்வளவு சம்பளம் ஏது?" இளைஞர்களோ, "பட்டணத்தில் கிடைப்பதில் பாதிகூட நமக்கு இல்லையே" என்கிறார்கள். இருவர் சொல்வதும் சரிதான். பெரியவர் நாட்டுக்கு நாடு உள்ள ஏற்றத்தாழ்வைப் பார்க்கிறார். இளைஞர் ஒரே நாட்டுக்குள் உள்ளதைப் பார்க்கிறார்.

நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாடுதான் நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றியது. கங்காணி சொன்ன கூலி ஊர்க்கூலியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கூலியாட்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு வருகிறவர்களை அழைத்து வருவதும் அதே வேறுபாடுதான்.

ஆனால் அரிசியும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் இங்குள்ள விலையில் அல்லவா வாங்கப்படுகின்றன? ஆகவே உள்நாட்டுக் கணக்கையும் பார்ப்போம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 வெள்ளியானது. கணவன், மனைவி இருவரும் அதைப் பெற்றால் 3,400 வெள்ளி. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரிநடுவில் ஒரு குடும்பம் நிற்கும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நடுக் குடும்பத்தின் மாத வருமானம் கிளந்தானில் 3,614 வெள்ளி. சிலாங்கூரில் 9,983 வெள்ளி. அதே 3,400 வெள்ளி கிளந்தானில் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. நம் சிலாங்கூரிலோ நடுவில் இருப்பவர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணால் குறிப்பதும் உண்டு. அதற்கு ஜினி எண் என்று பெயர். எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால் 0; ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 1. மலேசியாவில் இது 1970இல் 0.513, 2022இல் 0.404. இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை.

இந்தியாவின் எண் இதைவிடக் குறைவாகச் சொல்லப்படுவதுண்டு. அதைக் கண்டு ஏமாற வேண்டாம். அங்கே பெரும்பாலும் குடும்பச் செலவை வைத்துக் கணக்கிட்டார்கள். இங்கே வருமானத்தை வைத்து. பணக்காரர் சம்பாதிப்பதையெல்லாம் செலவழிப்பதில்லை. ஆகவே செலவுக் கணக்கில் இடைவெளி சிறிதாகத் தெரியும். மரக்காலையும் தராசையும் ஒப்பிடலாமா?

நேயர்களே, இனி யாராவது உங்கள் சம்பளம் போதும் என்று சொன்னால், "எந்த ஊர் விலைக்கு?" என்று கேளுங்கள்.