வீட்டு இன்சூரன்ஸும் ரத்து செய்யும் உரிமையும்

(பாலகாட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விழாவில் இலக்கியம் பேசாது இன்சூரன்ஸ் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் பாலகாட்டில் நிற்பவன் வீட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாகும். நம் முன்னோர் தோண்டிய பூமிக்கு மேலேதான் நாம் குடியிருக்கிறோம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அடியிலே பாறை வெடித்தால் மேலே சுவர் நடுங்கும் என்பதை இவ்வூராருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று ஈட்டிய பொருளில் எழுப்பிய வீடே பலருக்கு ஒரே சொத்து. அதனைக் காக்க எடுத்த பாலிஸியைக் கம்பெனி இடைவழியில் ரத்து செய்யலாமா? இதுவே நான் ஆராய வந்த பொருள்.

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1966-இல் ஒரு விடை கூறியது. மேற்கு வங்கத்து மூர்ஷிதாபாத் மாவட்டத்தில் கங்கைக் கரையிலுள்ள ஊர் துலியான். 1950-இல் அங்கிருந்த சில வீடுகளுக்கு ஜெனரல் அஷ்யூரன்ஸ் சொசைட்டி தற்காலிகக் காப்பு வழங்கியது. பின்னர் கம்பெனி அக்காப்பை ரத்து செய்தது. அதன்பின் கங்கை வீடுகளை அடித்துச் சென்றது. வழக்கில் வென்றது கம்பெனியே. காரணம் கூறாமலே இரு தரப்பாரும் விலகிக் கொள்ளலாம் என்னும் நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தது. எனினும் நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய அத்தீர்ப்பு ஓர் எல்லையையும் வகுத்தது. பொறுப்பு தொடங்குமுன், அல்லது இழப்பு தவிர்க்கவியலாதது ஆகுமுன் மட்டுமே அவ்வாறு விலகலாம்; வெள்ளம் வாசலுக்கு வந்தபின் விலகலாகாது.

அந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் 11-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபர் எடுத்த பாலிஸியைக் கம்பெனி ரத்து செய்ய ஒரே காரணம்தான் உண்டு. அது நிரூபிக்கப்பட்ட மோசடி. அப்போதும் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். பாலிஸி எடுத்தவரோ காரணம் கூறாமலே எப்போதும் ரத்து செய்யலாம். ஓராண்டுக்கு உட்பட்ட பாலிஸியில் இழப்பீடு ஏதும் கோராதிருந்தால் எஞ்சிய காலத்திற்குரிய பிரீமியமும் திரும்பக் கிடைக்கும்.

ஆனால், அன்பர்களே, கம்பெனியின் கையைச் சட்டம் கட்டினாலும் நம் கையாலேயே காப்பு அற்றுப்போகலாம். பிரீமியம் முன்கூட்டிச் சேராமல் பொறுப்பு ஏற்கலாகாது என்கிறது 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு. கொடுத்த செக் பணமின்றித் திரும்பினால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. சுவரில் விரிசல் இருந்தும் மறைத்து விண்ணப்பித்தால் கோரிக்கை வந்தபோது அம்மறைப்பே நமக்கு எதிராக நிற்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுப் பாலிஸி நடைமுறையில் உள்ளது. தீ, வெள்ளம், நிலநடுக்கம், நிலம் உள்வாங்குதல் ஆகியவை அதில் அடங்கும். ஆயின் கொட்டி நிரப்பிய மண் அமிழ்வதால் வரும் சேதமும், தோண்டும் வேலையால் நிலம் உள்வாங்கி வரும் சேதமும் அடங்கா. பழைய சுரங்கத்தின் மேல் நிற்கும் வீட்டில் சுவர் பிளந்தால் அது எந்த வகையில் சேரும்? ரத்து ஆகாத பாலிஸியும் இக்கேள்வியில் பயனற்றுப் போகக்கூடும். ஆதலின் பணம் கட்டுமுன்னரே இதனை எழுதிக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். கட்டடம் தமக்குச் சொந்தமில்லாதோர் வீட்டுப் பண்டங்களுக்கு மட்டும் காப்பு எடுக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

முறையின்றி ரத்து செய்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்திற்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், பெங்களூரிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை ஓராண்டிற்குள் அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டா.

பூமிக்கடியில் இறங்குமுன் விளக்கையும் கயிற்றையும் சோதித்துப் பார்த்த மக்கள் நாம். பாலிஸிப் பத்திரத்தையும் அவ்வாறே வரி வரியாகப் படித்துப் பார்த்துப் பெட்டியில் வைப்போமாக.