சரித்திரப் படங்களில் மாதர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே சினிமாவைப் பற்றிப் பேசலாமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். சரித்திரப் புத்தகத்தைத் திறவாத இளைஞரும் சரித்திரப் படத்தைத் தவறாது பார்க்கின்றனர். திரையிற் கண்டதே நடந்தது என அவர்கள் நெஞ்சிற் பதிகின்றது. ஆகவே, அங்கே காட்டப்படுவோர் யாவர், விடப்படுவோர் யாவர் என ஆராய்வது நம் கடமையாகும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. அதிலே குந்தவை அரசியல் பேசுகிறாள். பூங்குழலி கடலிற் படகு செலுத்துகிறாள். இவ்வளவுக்கு மகிழ்வோம். எனினும், மாதரின் பெருமை அழகிலும் காதலிலும் சூழ்ச்சியிலும் முடிந்துவிடுவதில்லை. கணவர் கண்டராதித்தரை இழந்த செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். தஞ்சைப் பெருங்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கையாரும் தேவிமாரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன்மாதேவீச்சரம் சோழ அரசி ஒருத்தியின் பெயரையே தாங்குகின்றது. கொடுத்தவள் பெயரைக் கல் மறக்கவில்லை, திரை மறக்கலாமா?

இனி நம் கண்டிக்கு வருவோம். சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘எஹெலேபொல குமாரிஹாமி’ என்னும் சிங்களப் படம் 2014இல் வெளிவந்தது. 1814இல் தம் பிள்ளைகளோடு மரண தண்டனைக்குள்ளான அம்மாதரசியின் துயரம் எவர் கண்ணையும் நனைக்கும். அக்கொடுமையை மறைக்கவோ, மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்காக வாதாடவோ நாம் முற்படவில்லை. ஆனால், மறு வருடம் அவனோடு சிறைப்பட்டு, 1816இல் வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட தேவிமாரும் பெண்களே. அவர்கள் கதையையும் சொன்னாலன்றிக் கண்டியின் கதை நிறைவெய்துமா?

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் நம் குண்டசாலையிலேதான் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். ‘குண்டசாலை மன்னன்’ என்றே அவனை அழைப்பர். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலப் பெண்ணை அவன் மணந்தான். அவனுக்குப் பின் அவளுடைய சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் முடிசூடினான். 1815 வரை நால்வர் ஆண்ட நாயக்கர் ஆட்சிக்கு வாயிலாக அமைந்தவள் ஒரு மணமகள்! கடல் கடந்து வந்து, மொழி வேறான அரண்மனையில் வாழ்ந்த அவளைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருங்கே உரிமை கொண்டாடத்தக்க கதையன்றோ அது?

வாலிபர்களே! படம் எடுக்க நம்மிடம் பொருள் இல்லை, மேடை இருக்கிறது. அடுத்த விழாவிலே அவள் கதையை நாடகமாக்குங்கள். சாமரை வீசும் சேடி வேடமே நம் சகோதரிகளுக்குப் போதும் என எண்ணாதீர்கள். நாடகம் எழுதும் பொறுப்பிலும் அவர்களைச் சேருங்கள்.

பெரியோர்களே! ஒத்திகைக்கு வர உங்கள் பெண்மக்களுக்கு அனுமதி தாருங்கள். இருட்டுமுன் அவர்களை வீடு சேர்ப்பது சங்கத்தின் பொறுப்பு.