மாண்ட வீரர் நினைவும் தேசியத் திருநாளும்



ஆண்டுதோறும் ஜனவரி 26-ஆம் தேதி காலையில், புதுதில்லியில் குடியரசு நாள் அணிவகுப்புத் தொடங்குவதற்கு முன்பு ஒரு சிறிய நிகழ்ச்சி நடைபெறுகிறது. பிரதமர் போர் நினைவுச் சின்னத்துக்குச் சென்று மலர்வளையம் வைத்துத் தலைதாழ்த்தி நிற்கிறார். ஊதுகொம்பின் ஒலி எழுந்து அடங்குகிறது. அதனை அடுத்து மௌனம். அதற்குப் பிறகே அணிவகுப்பு. 1972-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று இந்தியா கேட் வளைவின் கீழ் அமர் ஜவான் ஜோதி திறந்துவைக்கப்பட்ட காலந்தொட்டு இவ்வழக்கம் நிலைபெற்றது. 2019 பிப்ரவரியில் அருகிலேயே தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டதால், 2020 முதல் இவ்வஞ்சலி அங்கே செலுத்தப்படுகிறது. பழைய சுடரும் 2022 ஜனவரி 21-ஆம் தேதி புதிய நினைவகத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டது.

இந்த ஒழுங்குமுறையில் ஒரு கருத்து அடங்கியுள்ளது. முதலில் இறந்தவர்களுக்கு வணக்கம். பின்னர் இருப்பவர்களுக்கு விழா. ஆனால் தில்லியில் முதலிடம் பெறுகிற இந்த வணக்கம் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. நான் வாழும் ஜூஜுவாடி, தமிழ்நாடு முடிந்து கருநாடகம் தொடங்குகிற எல்லையில், ஓசூரை ஒட்டி அமைந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள். சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் வாயில்தோறும் கொடி ஏறுகிறது, மிட்டாய் வழங்கப்படுகிறது, சொற்பொழிவும் உண்டு. போரிலே உயிர்நீத்தவர்களுக்காக ஒரு நிமிடம் வாய்மூடி நின்ற விழாவை நான் அங்கே கண்டதில்லை. மிட்டாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிட்டாய்க்கு முன்னே ஒரு நிமிடம் வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று சிறிது பார்ப்போம்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு ஓய்ந்தது. மறு ஆண்டு அதே நாளில், அதே மணிக்கு, பிரிட்டன் முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. இந்த யோசனை லண்டனில் பிறந்ததன்று. போர் நடந்துகொண்டிருந்த 1918-ஆம் ஆண்டிலேயே, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் தெருவில் செல்வோர் யாவரும் அசையாது நிற்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. அதுவே கடல் கடந்து சென்று உலக வழக்காயிற்று. 1920 நவம்பர் 11 அன்று, பெயர் அறியப்படாத ஒரு போர்வீரனின் உடல் லண்டனிலும், மற்றொருவனின் உடல் பாரிஸிலும் அரசு மரியாதையுடன் கொண்டுசெல்லப்பட்டன. உடல் கிடைக்காத மகனுக்காக ஏங்கிய ஒவ்வொரு தாயும், அங்கே கிடப்பவன் தன் மகனாக இருக்கலாம் என்று எண்ணி ஆறுதல் பெற்றாள். பாரிஸில் அவன் கல்லறைமீது 1923-இல் ஏற்றிய சுடரை இன்றும் ஒவ்வொரு மாலையும் தூண்டிவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் 25 பொது விடுமுறை. 1915-இல் அந்நாளில், துருக்கியின் கலிப்போலிக் கரையில் அந்நாட்டுப் படைகள் விடியற்காலையில் இறங்கின. ஆகவே மக்கள் இருள் பிரியுமுன் எழுந்து நினைவுச் சின்னங்களின் முன் கூடுகிறார்கள். அந்தப் போரில் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை என்பது கருதத்தக்கது. தோற்ற போரைத் தேசிய நாளாகக் கொண்டாட மனவலிமை வேண்டும். அவர்களை எதிர்த்து நின்ற துருக்கியரோ, 1985-இல் அவர்கள் இறங்கிய விரிகுடாவுக்கு அந்தப் படையின் பெயரையே அதிகாரபூர்வமாகச் சூட்டினர்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போரில் மாண்டாரின் கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நாள் 1868-இல் மே 30 எனக் குறிக்கப்பட்டது. அன்று நண்பகல் வரை கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். பின்பு உச்சிக்கு உயரும். 1971 முதல் அந்நாள் மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டது. தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும் நினைவு மங்கி உல்லாசம் மிகுந்துவிட்டது என்று அந்நாட்டினரே குறைப்படுகிறார்கள்.

நம் பக்கத்தில் இலங்கையின் நிலை வேறு. அங்கே உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதே மாதத்தில் அரசு தன் படைவீரர்களுக்கு விழா எடுக்கிறது. வடக்கே முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து, தங்கள் மாண்டாரை எண்ணி அழுகிறார்கள். ஒரே தீவில், ஒரே வாரத்தில், ஒன்றோடொன்று கலவாத இரு துக்கங்கள்!

இனி நம் மண்ணுக்கு வருவோம். மௌனமும் சுடரும் மேற்கேயிருந்து வந்தவை. நம்மிடம் இருந்தது கல். போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை அனைத்தும் ஊரார் கூடிச் செய்தவை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த கற்களுள் ஒன்று தமிழ் பிராமி எழுத்தில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவன் பெயரைச் சொல்கிறது. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், வீரன் ஒருவனோடு அவனுடைய நாய்க்கும் சேர்த்துக் கல் எடுத்தார்கள். கோவிவன் என்ற அந்த நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது.

எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை நடுகற்கள் நிறைந்த சீமை. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் அவற்றைக் காணலாம். அருங்காட்சியகங்களிலும் பல வைக்கப்பட்டுள்ளன. சில கற்கள் மூன்று அடுக்குகளாக அமைந்தவை: கீழே வாளேந்திப் பொருதும் வீரன், நடுவே அவனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் தேவமாதர், மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கும் காட்சி. எழுத்து அறியாதவரும் கீழிருந்து மேலாக அந்தக் கதையைப் படித்துவிடலாம். பல ஊர்களில் இக்கல்லே வேடியப்பன் என்னும் தெய்வமாகிப் பொங்கலும் படையலும் பெறுகிறது. எல்லாக் கல்லும் நாம் மெச்சத்தக்க செய்தியைச் சொல்கின்றன என்பதில்லை. வீரனோடு உடன்கட்டை ஏறிய மனைவியைக் காட்டும் கற்களும் உண்டு. அவற்றின்முன் நிற்கும்போது எனக்கு வணக்கத்தினும் வருத்தமே மிகும்.

ஜூஜுவாடி எல்லையைக் கடந்தால் இதே கல்லுக்கு வீரகல்லு என்று பெயர். பெங்களூரை அடுத்த பேகூரில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததாக அறிஞர் கருதும் கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கங்கர் காலத்தில் பெங்களூரில் நடந்த போரில் மாண்டதை அது குறிக்கிறது. பெங்களூர் என்ற ஊர்ப்பெயருக்குப் பழமையான சான்று அந்தக் கல்லே. இன்று கோடிக்கணக்கான மக்கள் அறிந்த அம்மாநகரின் பெயரை, போரில் இறந்த ஒருவனுக்கு எழுந்த கல் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

நடுகல்லின் சிறப்பு இதுவே: மாண்டவனைப் பெயர் சொல்லி அழைத்தது. ஆங்கில அரசு முதல் உலகப் போருக்குப் பின் நம் கிராமங்களில் பதித்த சலவைக்கல் பலகைகளைப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. அந்தப் போரில் இந்திய வீரர் 70,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்; 1931-இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டில் பொறித்த பெயர்கள் சுமார் 13,000. விடுதலைக்குப் பின் நாம் எழுப்பிய தேசியப் போர் நினைவகத்திலோ, 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அறிந்தோ அறியாமலோ நாம் நடுகல் மரபுக்கே திரும்பியிருக்கிறோம்.

ஆயினும் சீருடை அணியாமல் போருக்கு இரையானவர்களை யார் எண்ணுவது? 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட்டனர். அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கு மாண்டனர். அவர்களுள் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசைவரிசையாகக் கல்லறைகள் உண்டு. ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியர் அங்கே சென்று வணங்குகிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்கோ எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான், காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. அதற்கு அங்குள்ள தமிழர் இட்ட பெயர் நடுகல்.

ஜனவரி 30-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, விடுதலைக்காக உயிர்நீத்தவர்களை எண்ணி நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் காக்கவேண்டும் என்பது அரசின் முறை. உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லையானால் ஆசிரியரிடம் பணிவுடன் நினைவூட்டுங்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஏரிக்கரைக் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று கவனியுங்கள். சிலர் பக்தியினால் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி எழுத்தை மறைத்துவிடுகிறார்கள்; அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கல் நிற்கும் இடத்தையும், ஊரார் அதற்கு வழங்கும் பெயரையும், அதைப் பற்றிச் சொல்லும் கதையையும் எழுதிக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கோ, உங்கள் மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். எழுத்துத் தேய்ந்திருந்தாலும் எழுதி அனுப்புங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.