மே மாதத்துக் கோட்டூர்புரம்

கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து இறங்கும் வெளியூர்க் குடும்பங்கள் எங்கெங்கே போகும் என்று நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெரினா, வண்டலூர், கிண்டிப் பாம்புப் பண்ணை, எழும்பூர் அருங்காட்சியகம். இவற்றையெல்லாம் பார்க்காதவர்களுக்கும் இவை மனப்பாடம். அதனால் இன்றைய உரை அந்தப் பக்கம் போகவில்லை. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, கோட்டூர்புரத்தில் காந்தி மண்டபம் சாலைக்குப் போகிறது. பிர்லா கோளரங்கம் இருக்கும் அதே சாலைதான். அங்கே எட்டு ஏக்கர் வளாகத்தில் ஒன்பது தளங்களோடு நிற்கிறது அண்ணா நூற்றாண்டு நூலகம்.

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்தநாளில் திறக்கப்பட்ட கட்டடம் இது. படத்தில் பார்த்திருப்பீர்கள், கடந்துபோகும்போதும் பார்த்திருப்பீர்கள். ஆனால் கட்டடத்தைப் பார்க்க வருவது வேறு, மே மாதத்தில் வருவது வேறு. மற்ற மாதங்களில் அது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் கோட்டை. தரைத்தளத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. காலையிலேயே இடம்பிடித்து உட்காரும் இளைஞர்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலேயே பார்வையற்றோருக்கான பிரெயில் பகுதி. மே பிறந்துவிட்டால் இந்த அமைதியான வீட்டுக்குள் சின்னச் சின்னச் செருப்புச் சத்தங்கள் நுழைந்துவிடும்.

எங்கிருந்து வருகிறார்கள் இந்தப் பிள்ளைகள்? கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு. சைதாப்பேட்டையிலிருந்து பாட்டியோடு பேருந்தில் வருகிறவர்கள் உண்டு. காரில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லோரும் பையை ஒரே இடத்தில் ஒப்படைத்துவிட்டு, ஒரே படியேறி, முதல் தளத்துக்குத்தான் போயாக வேண்டும். அங்கேதான் குழந்தைகள் பிரிவு. உள்ளே நுழைந்ததும் ஒரு மரம். நிஜ மரமில்லை, செயற்கை மரம். ஆனால் அதன் அடியில் படக்கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. அக்னி நட்சத்திர வெயில் வெளியே கொளுத்தும்போது, குளிர்ந்த கூடத்தில் ஒரு மரத்தடி கிடைத்தால் எந்தக் குழந்தைதான் வேண்டாம் என்று சொல்லும்?

கோடைக்கால நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கதைசொல்லல், பொம்மலாட்டம், காகித மடிப்பு, ஓவியம், எளிய அறிவியல் சோதனைகள், கணக்குப் புதிர்கள், நாடகப் பயிற்சி என்று நாளுக்கு ஒன்றாக நடக்கும். கதைசொல்லிகளின் அமர்வுதான் எல்லாவற்றிலும் கலகலப்பானது. நல்ல கதைசொல்லி கதையை முழுதாகச் சொல்வதே இல்லை. பாதியில் நிறுத்தி, "இப்போ நரி என்ன பண்ணியிருக்கும்?" என்று கேட்பார். முப்பது கைகள் உயரும், முப்பது நரிகள் முப்பது வேலை செய்யும். அமர்வு முடிந்ததும் பிள்ளைகள் நேரே அலமாரிக்குப் போய் "நரிக் கதை எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். நூலகர்கள் காத்திருப்பது இந்தக் கேள்விக்குத்தான். கதைசொல்லல், காகித மடிப்பு எல்லாம் பிள்ளையை அந்த அலமாரிவரை கூட்டிவரும் வழிகள். நேஷனல் புக் டிரஸ்டின் மெல்லிய படப் புத்தகங்களும், தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் வரும் தூலிகா புத்தகங்களும் அங்கே தயாராக நிற்கின்றன.

வயதான நேயர்களுக்கு இந்த இடத்தில் அம்புலிமாமா ஞாபகம் வந்திருக்கும். 1947-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்காகக் கிளை நூலக வாசலில் சண்டை போட்டவர்கள் இன்று பேரன் பேத்திகளோடு கோட்டூர்புரம் படியேறுகிறார்கள். கோகுலத்துக்கும் பூந்தளிருக்கும் முத்து காமிக்ஸுக்கும் ஆள் ஆளுக்கு ஒரு கட்சி இருந்த காலம் அது. சரி, அலமாரிக்கே திரும்பலாம்.

அந்த அலமாரிகளுக்குப் பக்கத்தில் விளையாட்டுப் பொருள்களும் இருக்கும். ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகளை வைத்து ஒரு பையன் முதலில் வண்டி செய்கிறான், கலைத்துவிட்டு வீடு செய்கிறான். 'நூலகத்தில் என்ன விளையாட்டு?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உலக நூலகத் துறையையே புரட்டிப்போட்ட ஒரு யோசனை இதே போன்றதொரு விளையாட்டுப் பொருளிலிருந்துதான் வந்தது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் சீர்காழிக்காரர்.

எஸ். ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர்கள் சூழ வகுப்பு எடுத்தவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நூலக அறை தாங்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிட நினைத்தார். லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்றுவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று. போனார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். கணித ஆசிரியர் மனம் மாறியது அங்கேதான்.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட பட்டைகள், தண்டுகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளால் ஒருமுறை ஒரு பொம்மை, கலைத்து மறுமுறை இன்னொரு பொம்மை. ரங்கநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு நூலகங்களில் இருந்த பகுப்பு முறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருந்தன. புதிய பொருளில் ஒரு புத்தகம் வந்தால் அதற்கு இடம் கிடைக்காது. தஞ்சாவூர் வட்டாரத்து நெற்பயிர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை, நெல், நோய், ஊர், காலம் என்று அதைத் துண்டுகளாகப் பிரித்து, தேவைப்பட்டபடி பூட்டிக்கொண்டால் என்ன? துண்டுகளைப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்துக்கொண்டார். 1925-இல் ஊர் திரும்பும் கப்பலிலேயே, அந்தக் கப்பலின் நூலகத்தை வைத்து முறையைச் சோதித்துப் பார்த்தார். 1933-இல் அது 'கோலன் பகுப்பு முறை' என்ற நூலாக வந்தது. உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இரண்டாம் தளத்துத் தமிழ் நூல்களைப் பார்க்கப் போகலாம் என்றுதான் உரை புறப்பட்டது. ஆனால் ரங்கநாதன் வந்துவிட்டால் மன்னார்குடி வந்தே தீரும்.

சென்னைக்குத் திரும்பியவர் பல்கலைக்கழக நூலகத்தோடு நிற்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. நகரத்துக்குள் நூலகம் வைத்தால் கிராமத்துக்காரர் எப்படிப் படிப்பார் என்ற கேள்வி சங்கத்துக்கு இருந்தது. அதற்கு ஒரு விடை மன்னார்குடிப் பக்கத்தில் கிடைத்தது. ராஜகோபாலசுவாமி கோயிலையும் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தையும் நேயர்கள் அறிவார்கள். அவற்றை விட்டுவிட்டு மேலவாசல் கிராமத்துக்குப் போக வேண்டும். அந்த ஊர்க்காரர் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாகவே மாற்றினார். 1931 அக்டோபர் 21-ஆம் தேதி அந்த நடமாடும் நூலகம் புறப்பட்டது.

காவிரிப் பாசனப் பகுதியின் மண் பாதைகளை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் கடைசி, ஐப்பசி மழைக் காலம். வாய்க்கால் வரப்புகளுக்கு நடுவே, வைக்கோல் பாரமும் நெல் மூட்டையும் ஏற்றிப் போகும் அதே பாதையில், புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வருகிறது. திண்ணையில் இருந்தவரும் களத்துமேட்டிலிருந்து வந்தவரும் ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். எழுத்துத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் படித்துக்காட்டலாம். வண்டி அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்கே பல மைல் நடந்த பிள்ளைகளின் ஊருக்குப் புத்தகம் தானே நடந்து வந்தது.

இது ஏதோ ஓர் ஊரின் நல்லெண்ணத்தோடு முடிந்துபோகவில்லை. நூலகம் என்பது கொடையாளி ஒருவரின் தயவில் இருக்கக் கூடாது, சட்டத்தின் பலத்தில் நிற்க வேண்டும் என்று ரங்கநாதனும் அவரோடு இருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டுக்குச் சொத்து வரி கட்டுகிறீர்கள் அல்லவா? அந்த ரசீதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். தெருமுனைக் கிளை நூலகத்தின் செய்தித்தாளும் நாற்காலியும் மின்விசிறியும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. எனவே அங்கே உள்ளே போகும் எவரும் யாருடைய வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகவில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் அந்த வரியை வாடகைக்குள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

மாட்டுவண்டியின் வேலையும் நின்றுவிடவில்லை. 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் 2022-இல் தமிழ்நாட்டில் வந்தது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி வருகிறார்கள். மேலவாசலில் மாடு இழுத்ததை இன்று இருசக்கர வண்டி இழுக்கிறது.

மதுரை நேயர்கள், 'எங்களுக்கு இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறது. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ஆம் தேதி, காமராசர் பிறந்தநாளில் திறக்கப்பட்டது. அங்கேயும் குழந்தைகளுக்கென்று பெரிய பிரிவு உண்டு. விடுமுறை நாளில் தெற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

இவை இரண்டும் பெரிய நூலகங்கள். ஆனால் தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அவை பரவிக் கிடக்கின்றன. கோடையில் கோட்டூர்புரம் வர முடியாத பிள்ளைக்குத் தன் ஊர் நூலகம் போதும். அங்கே செயற்கை மரம் இருக்காது, வாசலில் நிஜ வேப்பமரம் இருக்கலாம். பிள்ளை கேட்கும் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். வாசகர் கேட்டார் என்ற குறிப்பு அவர் கையில் இருப்பது நல்லது. ஊரில் கதை சொல்லத் தெரிந்த ஆசிரியரோ பாட்டியோ இருந்தால், வாரம் ஒரு மாலை வந்து சொல்லட்டும் என்று நூலகரிடம் பேசிப் பாருங்கள். அதற்குச் செலவு ஒரு பாயும் ஒரு குடம் தண்ணீரும்தான்.

வசதி உள்ள நேயர்களுக்கு ஒரு தகவல். ஆயிரம் ரூபாய் செலுத்தினால் ஊர் நூலகத்தின் புரவலராகலாம். பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

உறுப்பினர் சேர்க்கைக்கு அதிகம் வேண்டாம். பிள்ளையின் பெயர், முகவரிச் சான்று, சிறிய காப்புத் தொகை, ஆண்டுச் சந்தா. இரண்டு தொகையும் சேர்ந்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடும். அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே வாங்குங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். எந்தப் புத்தகம் என்று பிள்ளையே எடுக்கட்டும். நான்கு பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மூடிவைத்தால் திட்டாதீர்கள், மறுநாள் மாற்றிக்கொண்டு வரலாம். போகும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை.